விட்டில் விளக்குக்கு ஆசைப்படுகிறதா?

வாசலில் எரியும் விளக்கைச் சுற்றும் பூச்சிகளுக்கு எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது, அவை ஏன் அங்கே வருகின்றன? தோட்டத்தைக் கவனிக்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

வந்திருப்பது பட்டாம்பூச்சியா அந்துப்பூச்சியா என்று முதலில் பிரித்துவிடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம்; கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அந்துப்பூச்சிகளும் உண்டு. உட்காரும் விதமும் ஏமாற்றும்: வெயில் காயும் பட்டாம்பூச்சி இறகுகளை விரித்துத்தான் வைத்திருக்கும். உணர்கொம்பைப் பாருங்கள். நுனி தீக்குச்சித் தலைபோல் தடித்திருந்தால் பெரும்பாலும் பட்டாம்பூச்சி. நூல்போலவோ சீப்புப்போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பின்னிறகின் அடியிலிருந்து ஒரு முள் நீண்டு, முன்னிறகில் உள்ள கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பட்டாம்பூச்சிகளில் அந்த முள் கிடையாது. ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சியின் ஆணுக்கு மட்டும் உண்டு!

பகலில் வருபவற்றைக் காலை வெயில் ஏறும் நேரத்தில் தேடுங்கள். பறப்பதற்கு உடம்பு சூடேற வேண்டும் என்பதால் அப்போது அசையாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி தாழ்வாக நெருங்கி, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல் வைத்துப் படம் எடுங்கள். இறகின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு பெயர் தெரியாமல் திண்டாடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கால்களையும் எண்ணுங்கள். நான்குதான் தெரிகிறதென்றால், முன்னங்கால்கள் குறுகிப்போன நிம்ஃபாலிடே என்ற பட்டாம்பூச்சிக் குடும்பமாக இருக்கலாம். எந்தச் செடியில் முட்டையிட்டது என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பல இனங்களின் புழுக்கள் ஒருசில செடிகளை மட்டுமே தின்னும்.

இலையைத் தின்னும் எல்லாப் புழுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. மார்பில் உள்ள மூன்று ஜோடிக் கால்களை விட்டுவிட்டு, வயிற்றுப் பகுதியில் உள்ள சதைக்கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடி வரை இருந்தால் பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழு. ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது குளவிகளுக்கு உறவான ரம்பப்பூச்சியின் புழு. எவ்வளவு வளர்த்தாலும் பட்டாம்பூச்சி வராது.

இனி விளக்கு. விட்டில் ஆசையால் வருகிறது என்று கவிதைகள் சொல்லும். நிலாவை வைத்துத் திசை பார்ப்பதால் குழம்புகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, அதிவேகக் கேமராக்களில் பதிவுசெய்து வேறொன்றைக் காட்டியது: பூச்சி விளக்கை நோக்கிப் போகவில்லை, விளக்குக்கு முதுகைக் காட்டுகிறது.

காற்றில் சட்டென்று திரும்பும் சிறிய உடலுக்கு, எது மேல் எது கீழ் என்று புவியீர்ப்பை வைத்து உணர்வது கடினம். அதற்கு ஓர் எளிய விதி போதும்: வெளிச்சமான பக்கம் வானம், அங்கே முதுகை வை. இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சம்தான் என்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த விதி பொய்க்கவில்லை. பிறகு பல்பு வந்தது. பல்பு பக்கவாட்டில் இருந்தால் பூச்சி அதன் பக்கம் முதுகைச் சாய்க்கிறது. இறகுகள் உடலைத் தூக்குவது முதுகின் திசையில் என்பதால், அந்த விசை இப்போது பல்பை நோக்கி இழுக்கிறது, பூச்சி வட்டமடிக்கிறது. பல்புக்குக் கீழே போனால் செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து நின்றுவிடுகிறது. மேலே போனாலோ தலைகீழாகப் புரண்டு தரையில் விழுகிறது. வட்டம், ஏற்றம், வீழ்ச்சி மூன்றுக்கும் அந்த ஒரே விதிதான் காரணம்! அரளி அந்துப்பூச்சியோ சோதனையில் இந்த வலையில் சிக்காமல் விளக்கைத் தாண்டிப் போனது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளை 'என்ன பயன்' என்று கேட்டு நிதியை வெட்டுவது பெரிய தவறு என்பேன்.

இரவுப் பூச்சிகளை வரவழைத்துப் பார்க்க, இதன்படியே திரையும் கட்டலாம். வெள்ளைப் பருத்தித் துணியைத் தொய்வில்லாமல் செங்குத்தாகக் கட்டி, அதற்கு ஓர் அடி முன்னால் புற ஊதா விளக்கை வையுங்கள். அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். துணியைத் தரையில் விரித்து ஒளியூட்டினால் பூச்சிகள் தலைகீழாக வந்து மோதி, அடையாளம் காண உதவும் செதில்களை இழந்துவிடும். நிலா இல்லாத, வெக்கையான, காற்றடிக்காத இரவே சிறந்தது. இருட்டி இரண்டு மணி நேரம் பார்த்தால் போதும்.

துணியில் உட்கார்ந்ததை விரலால் பிடிக்காமல், ஒளி ஊடுருவும் டப்பாவால் மூடிப் படம் எடுங்கள். இறகுத் தூள் பட்டால் கண் போய்விடும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவது அநியாயம். அது உதிர்ந்த செதில்தான். ரோமம் அடர்ந்த புழுக்களைத் தொடக் கூடாது என்பது மட்டும் உண்மை, சிலவற்றின் ரோமம் தோலைத் தடிக்க வைக்கும்.

முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, துணியில் இருப்பவற்றைச் செடிகளின் அடர்த்தியில் உதறிவிடுங்கள். அப்படியே விட்டுப்போனால் விடியலில் பறவைகள் வந்து ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடும்.