வீட்டுப் பட்டறையில் டியூப் லைட்: வாட்ஸைப் பார்க்கும் முன் மினுக்கைப் பாருங்கள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் வீட்டோடு சேர்ந்த பட்டறைகள் நிறைய உண்டு. முன்பு கார் ஷெட்டாக இருந்த இடம், மேலே தகரக் கூரை, உள்ளே ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மிஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர். இந்த மாதிரி இடங்களுக்கு ஒயரிங் செய்வதும் சரிபார்ப்பதும்தான் என் தொழில். மோட்டாருக்கு என்ன ஸ்டார்ட்டர், கேபிள் எத்தனை எம்.எம். என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, விளக்கு என்று வந்ததும் "வீட்டுல கழட்டுன பட்டி ரெண்டு கெடக்குதுங்க, அதையே மாட்டிடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். பட்டி என்பது டியூப் லைட் மாட்டும் நீளச் சட்டம். அந்தப் பழைய பட்டி பட்டறைக்கு ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். பழைய இரும்புச் சோக் போட்ட டியூப் லைட் இதை அப்படியே பின்பற்றுவதால், அதன் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இதைத்தான் மினுக்கு என்கிறேன். கண்ணுக்கு அது தெரியாது. டியூபின் உட்பக்கத்துப் பூச்சு கொஞ்ச நேரம் ஒளியைப் பிடித்து வைத்திருப்பதால் நடுவில் முழு இருட்டும் ஆவதில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க, சமைக்க இதனால் பெரிய பாதகம் இல்லை. அதே வெளிச்சம் சுழலும் இயந்திரத்தின் மேல் விழும்போதுதான் ஆபத்து.

லேத்தில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம் சக், அதன் பிடிப் பற்கள் ஜா. மூன்று ஜா உள்ள சக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 120 டிகிரி திரும்பினாலே ஒரு ஜா இருந்த இடத்துக்கு அடுத்த ஜா வந்துவிடும், பார்வைக்கு வித்தியாசம் இல்லை. சக் 2000 ஆர்.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் ஓடினால் இரண்டு ஒளித் துடிப்புகளுக்கு நடுவே சரியாக 120 டிகிரி திரும்புகிறது. அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் ஜாக்கள் அதே இடத்தில் நிற்பதுபோலவே தெரியும். 1000 ஆர்.பி.எம்மில் 60 டிகிரிதான் திரும்பும், அப்போது மங்கலாக ஆறு ஜாக்கள் அசையாமல் இருப்பதுபோல் தோன்றும். மோட்டார் புல்லியைப் பாருங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் 1440 ஆர்.பி.எம். மோட்டாரின் ஷாஃப்டில் நான்கு ஆரம் உள்ள புல்லி இருந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் 90 டிகிரிக்குப் பதில் 86.4 டிகிரி நகர்கிறது. கண்ணுக்கு அது வினாடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி மெல்லச் சுற்றுவதாகத் தெரியும். சுவிட்சை ஆஃப் செய்தாயிற்று, மெல்ல நிற்கப்போகிறது என்று நினைத்துக் கையை நீட்ட இந்த ஒரு தோற்றம் போதும்.

"சத்தம் கேக்குதே, ஓடுறது தெரியாமலா போகும்?" என்று கேட்பார்கள். ஒரே மிஷின் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், உண்மைதான். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தால்? கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தால்? பகலில் ஜன்னல் வெளிச்சம் கலப்பதால் இந்த மாயம் பெரும்பாலும் எடுபடாது. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, அவசர ஆர்டரை முடிக்கக் களைப்போடு நிற்கும் நேரத்தில், தலைக்கு மேல் ஒரே ஒரு டியூப் எரியும்போதுதான் அது முழு வீச்சில் இருக்கும். பெல்ட்டுக்கு மூடி போடுவது எவ்வளவு அவசியமோ, பட்டறைக்கு மினுக்காத விளக்கும் அவ்வளவு அவசியம். அந்தக் குண்டு பல்பு காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் இழை நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் ஆறிவிடாது. லேத்தின் தலைமாட்டில் குண்டு பல்பைத் தொங்கவிட்ட பழக்கத்துக்கு இந்த நன்மையும் இருந்தது.

உங்கள் விளக்கு எப்படி என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. மற்ற வெளிச்சத்தை எல்லாம் அணைத்துவிட்டு, அந்த விளக்கின் கீழ் ஒரு வெள்ளைப் பென்சிலையோ பளபளப்பான கம்பியையோ விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். பின்புறம் இருட்டாக இருந்தால் நல்லது. கம்பி ஒரே புகைபோல் கலங்கித் தெரிந்தால் சரி. தனித்தனியாகப் பல கம்பிகள் விரிந்து நிற்பதுபோல் தெரிந்தால் அந்த விளக்கு மினுக்குகிறது. செல்போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் விளக்கைப் படம் எடுத்துப் பாருங்கள், அதுவும் காட்டிக்கொடுக்கும்.

சரி, தீர்வு என்ன? இருக்கும் டியூப் லைட்டையே வைத்துக்கொள்வதென்றால் இரும்புச் சோக்கைக் கழற்றிவிட்டு நல்ல எலக்ட்ரானிக் சோக் போடுங்கள். அது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் டியூபை ஓட்டுவதால் 100 ஹெர்ட்ஸ் மினுக்கு ஏறக்குறைய போய்விடும். 36 வாட்ஸ் டியூபுக்கு இரும்புச் சோக் தனியாகத் தின்னும் பத்துப் பன்னிரண்டு வாட்ஸில் பெரும்பகுதியும் மிச்சம். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் விளக்கு பற்றாமல் விட்டு விட்டு எரியும் தொல்லையும் இருக்காது. த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள பட்டறையில் அடுத்தடுத்த விளக்குகளை ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடுவது பழைய, நம்பகமான வழி. ஒன்று மங்கும் நேரத்தில் மற்றவை பிரகாசமாக இருக்கும். ஆனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 415 வோல்ட் இருக்கிறது. ஒரே பட்டிக்குள்ளோ ஒரே சுவிட்ச் பெட்டிக்குள்ளோ அவற்றைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு எல்.இ.டி.தான் என் சிபாரிசு. டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரச உபயோகத்தைக் குறைக்கும் சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பொது உபயோக டியூப் லைட்டுகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன. மினமாட்டா உடன்படிக்கை என்று பெயர். இந்தியா 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது. இனி போகப்போக டியூபும் சோக்கும் கிடைப்பதே கஷ்டம்.

ஆனால் எல்.இ.டி. என்றாலே மினுக்காது என்று நம்பிவிடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலிவான எல்.இ.டி. பட்டிகளில் மின்னோட்டத்தைச் சீராக்கும் கப்பாசிட்டரை மிகச் சிறியதாக வைத்தோ, அடியோடு தவிர்த்தோ விடுகிறார்கள். டியூப் பூச்சுக்கு இருக்கும் அளவுக்கு எல்.இ.டி.க்கு ஒளியைப் பிடித்து வைக்கும் குணம் கிடையாது. அதனால் மோசமான எல்.இ.டி., இரும்புச் சோக் டியூபைவிட அதிகமாக மினுக்கும். கடையிலேயே எரியவிட்டுப் பென்சில் சோதனை செய்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. விளக்கு தரும் ஒளியின் அளவு லூமென், ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்தான் லக்ஸ். 10-க்கு 20 அடி ஷெட் என்பது சுமார் 18.6 சதுர மீட்டர். பொது வெளிச்சம் 300 லக்ஸ் வேண்டுமானால் வேலைப் பரப்பில் 5,600 லூமென் விழ வேண்டும். சுவர், கூரை, தூசி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும் என்று வைத்தால், விளக்குகளிலிருந்து 11,000 லூமென் புறப்பட வேண்டும். 2,000 லூமென் தரும் 20 வாட்ஸ் எல்.இ.டி. பட்டி ஐந்து அல்லது ஆறு. வெர்னியர் அளவுகோல் பார்க்கும் பெஞ்சில் 500 லக்ஸ், நுணுக்கமான வேலைக்கு 750 லக்ஸ் தேவை. அதை முழு ஷெட்டுக்கும் கொடுக்காமல் அந்த இடத்துக்கு மட்டும் தனி விளக்காகக் கொடுங்கள். கூரையின் உட்பக்கத்துக்கு வெள்ளை அடித்தால் பணம் மிச்சமாகும்.

மாட்டும் இடத்தில் பொதுவாக நடக்கும் தவறு, ஷெட்டின் நடுவில் ஒரு வரிசையாகப் போட்டுவிடுவது. சுவரோரப் பெஞ்சில் நிற்பவருக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், அவர் நிழலே வேலையின் மேல் விழும். பெஞ்சின் முன்விளிம்புக்கு நேர் மேலே, பெஞ்சுக்கு இணையாக ஒரு பட்டி வந்தாக வேண்டும்.

நிறம் பற்றி ஒன்று. டியூபில் 865 என்று அச்சிட்டிருந்தால் முதல் எண் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்கிறது, அதாவது 80-க்கு மேல். 65 என்பது 6500 கெல்வின், நம் ஊரில் எல்லோரும் கேட்கும் பளிச் வெள்ளை. எல்.இ.டி. பெட்டியிலும் இந்த நிற அளவு, அதாவது சி.ஆர்.ஐ., 80 இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிப்பவர்களுக்கும் மோட்டார் வைண்டிங் செய்பவர்களுக்கும் இது முக்கியம். பழுப்பு ஒயரைச் சிவப்பு என்று எண்ணி இணைத்துவிடக் கூடாது. மரத்தூள், பஞ்சு பறக்கும் இடமென்றால் தூசி புகாத ஐபி65 தரத்து மூடிய பட்டி போடுங்கள்.

பழைய டியூப் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, அது காற்றில் பரவிவிடும். கதவைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் கழித்துக் கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் இந்த டியூப்களும் அடக்கம், குப்பை வண்டியில் கொட்டக் கூடாது.

கடைசியாக, பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுபவர்களுக்கு. இரண்டு முனையிலும் இணைப்பு கொடுக்கும் வகை டியூபில், ஒரு முனையை ஹோல்டரில் செருகிவிட்டு மறு முனைப் பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் கொடுக்கும் வகை டியூபுக்கு ஒயரிங் மாற்றிய பட்டியில், பின்னாளில் யாராவது தெரியாமல் பழைய டியூபை மாட்டினால் அதன் இழையில் நேரடியாக 230 வோல்ட் பாயும். அதனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிய பிறகு, பட்டியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள்: சோக் இல்லை, எல்.இ.டி. மட்டும், ஃபேஸ் இந்த முனையில்.