குண்டூசி ஏன் தூண்டில் முள் ஆகாது?

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் வளர்ந்த பையன்களில் குண்டூசியை வளைத்துத் தூண்டில் போடாதவன் அனேகமாக இருக்க மாட்டான். மண்புழுவைக் கோத்துப் போட்டால் தக்கை முங்கும், ஜிலேபி கெண்டை இழுக்கவும் செய்யும். தூக்கிப் பார்த்தால் மீன் இருக்காது. கொக்கியாக இருந்த ஊசி நிமிர்ந்துபோய்த் தொங்கும்.

இப்போது எனக்கு ஃப்ளை கட்டும் பைத்தியம். முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து மீனை ஏமாற்றும் வேலை அது. பார்க்கிறவர்கள் எல்லோரும் நாட்டுச் சேவல் இறகைப் பற்றித்தான் கேட்கிறார்கள், முள்ளை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு நண்பன் மட்டும் கேட்டான்: "கஞ்சமலை அடிவாரத்துலயே இரும்பாலை இருக்கு. எவர்சில்வர்ல முள் செஞ்சா துருவே பிடிக்காதே மாப்ள?"

நல்ல கேள்வி. பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்தவர்களுக்குப் பதில் சுலபமாகப் புரியும். ஃப்ளை முள்ளுக்கான கம்பி பெரும்பாலும் கார்பன் கூடிய எஃகு. சுமார் 0.8 சதவீதம் கார்பன் இருக்கும். மெத்தென்று இருக்கும்போதே வெட்டி, கூராக்கி, வளைத்துவிடுவார்கள். பிறகு 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயில் தோய்ப்பார்கள். அந்தச் சூட்டில் இரும்பணுக்களின் இடுக்குகளில் கார்பன் கரைந்திருக்கும். மெதுவாக ஆறினால் விலகி வெளியே வந்துவிடும். திடீரென்று குளிர்ந்தால் வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய கார்பன் அணு அடுக்கையே கோணலாக்கிவிடுவதால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாது. அப்படித்தான் முள் கடினமாகிறது. கூடவே கண்ணாடி மாதிரி உடையும் குணமும் வந்துவிடும் என்பதால் மிதமான சூட்டில் இன்னொரு முறை காய்ச்சி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து வில்தன்மையை வாங்குகிறார்கள். கையாலேயே வளைகிற குண்டூசியில் இந்தத் தோய்ச்சல் இல்லை, அதனால்தான் மீன் இழுத்ததும் நிமிர்ந்துவிடுகிறது.

நம் வீட்டுப் பாத்திர எவர்சில்வரில் இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள நிக்கல், காய்ச்சினாலும் குளிர்ந்தாலும் அணு அடுக்கை ஒரே மாதிரி வைத்திருக்கும். தோய்த்துப் பயனில்லை. கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து இறுக்கலாம், கடலுக்கென்று எவர்சில்வர் முட்களும் கடையில் உண்டு. ஆனால் மெல்லிய கம்பியில் கூர்மையும் உறுதியும் சேர்ந்து வேண்டுமென்றால் கார்பன் எஃகுதான்.

சரி, எந்த முள்ளை வாங்குவது? எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. 10, 12, 14 என்று எண் கூடக் கூட முள் சிறுக்கும். 1-ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் தலைகீழாகப் பெரிதாகும். அதைவிட முக்கியம் கம்பியின் தடிமன். தண்ணீர்மேல் மிதக்க வேண்டிய பூச்சியை நீர்ப்பரப்பின் இழுவிசைதான் தாங்குகிறது, அதற்கு மெல்லிய கம்பி வேண்டும். முங்கிப் போக வேண்டிய புழுவுக்குத் தடித்தது. கம்பியை 20 சதவீதம் தடிமனாக்கினால் எடை 44 சதவீதம் கூடும். வளையாமல் நிற்கும் வலுவோ 73 சதவீதம் அளவுக்குக் கூடிவிடும். எடை தடிமனின் இருமடியாகவும் வலு மும்மடியாகவும் ஏறுவதுதான் காரணம். மேட்டூர் அணையில் பெரிய கட்லா வரலாம் என்று நினைக்கிறவன் எடையைப் பார்த்துத் தயங்கக் கூடாது என்பது என் கட்சி.

இனி தயாரிப்பு. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையைச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, கடித்து நின்றால் கூர். அப்புறம் வைஸில், அதாவது முள்ளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானில், வளைவைப் பிடித்து, தண்டைச் சுண்டிவிட வேண்டும். நல்ல முள் 'டிங்' என்று துள்ளித் தன் இடத்துக்கே திரும்பும். வளைந்தது வளைந்தபடி நின்றால் தோய்ச்சல் போதவில்லை என்று அர்த்தம். படக்கென்று ஒடிந்தால் அதிகம்.

முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை நான் நசுக்கிவிடுவேன். குத்தும்போது அதையும் சேர்த்து உள்ளே தள்ள வேண்டியிருப்பதால் கூடுதல் விசை தேவைப்படுகிறது. நசுக்கிவிட்டால் முள் லேசாக இறங்கும், மீனைக் காயமில்லாமல் கழற்றி விடவும் வசதி. பித்தளை மணி கோப்பதென்றால் எதிர்முள் இடறாமல் நுழையும். ஆனால் பெரும்பாலும் கம்பியில் வெட்டுப் போட்டு நெம்பித்தான் எதிர்முள் செய்கிறார்கள். அந்த வெட்டின் அடியில் கம்பி மெலிந்திருக்கும், வளைக்கும் விசை முழுவதும் அங்கேதான் குவியும். அதனால் குறடைப் பக்கவாட்டில் போடாமல் முனையின் நீளவாக்கில் வைத்து, விட்டுவிட்டு அமுக்க வேண்டும். ஃப்ளை கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். முக்கால் மணிநேரம் சுற்றி முடித்த பூச்சியில் நான் கடைசியில் அமுக்கினேன். 'டிக்' என்றது. முனை மேசைக்கு அடியில் எங்கோ போய்விட்டது. அன்று முழுக்க வீட்டில் செருப்போடுதான் நடமாடினோம்.

முள்ளின் கண்ணையும் பார்க்க வேண்டும். வளையம் முழுதாக மூடாமல் இடுக்கு இருந்தால் தூண்டில் நரம்பை அறுத்துவிடும். கட்டி முடித்து வார்னிஷ் தடவும்போது கண் அடைத்துக்கொள்வதும் வழக்கம். ஈரமாக இருக்கும்போதே குத்தித் திறந்துவிட்டால் வேலை சுலபம். போன மாதம் மேட்டூரில் கரைக்குப் போன பிறகுதான் அடைத்திருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினார்.