சுவரைத் தாண்டி வரும் 'தும்'

கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ இரவு விடுதிக்குப் பக்கத்துத் தொடர்மாடியில் குடியிருப்பவருக்கு டெக்னோ என்ற மின்னணு நடன இசை என்றால் 'தும், தும், தும்', அவ்வளவுதான். உள்ளே சிம்பல், சின்தசைசர் என்று ஏகப்பட்டது நடந்துகொண்டிருக்கும். அவையெல்லாம் சுவரோடு நின்றுவிட, தாளத்தை அடிக்கும் கனத்த மேளமான கிக் டிரம்மின் முழக்கம் மட்டும் வீதியைக் கடந்து, பூட்டிய யன்னலையும் கடந்து படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது.

கொழும்பின் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். டெக்னோவின் கிக் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸை அண்டி, அதாவது செக்கனுக்கு 50 முறை அளவில், அதிர்கிறது. 350ஐ 50ஆல் வகுத்தால் அலைநீளம் 7 மீற்றர். சிம்பலின் 7,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது வெறும் 5 சென்ரிமீற்றர். ஒரு தூணோ மதிலோ சிற்றலையை மறித்துவிடும். 7 மீற்றர் அலை அதைச் சுற்றி வளைந்து போய்விடும்.

சுவரும் கைவிடுகிறது. அது ஒலியைத் தடுப்பது தன் பாரத்தால்தான். செக்கனுக்கு 7,000 முறை முன்னும் பின்னும் தள்ளினால் கனத்த சுவருக்கு அசைய அவகாசமே இல்லை. 50 முறை என்றால் கண்ணுக்குத் தெரியாமல் அசைந்துகொடுத்து மறுபக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. 7,000இலிருந்து 50க்கு இறங்க ஏழு தடவை பாதியாக்க வேண்டும். உண்மையான சுவர்கள் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. போக்கு என்னவோ இதுதான். கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கி நேர்மாறு. அதிலே தாழ்ந்த சுரமே அநேகமாக இல்லாததால், எவ்வளவு அலறினாலும் யன்னலைச் சாத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அறைக்குள் வந்த அலை இன்னொரு வேலையும் செய்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.5 மீற்றர் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் அலையின் பாதி அதிலே சரியாகப் பொருந்திவிடும். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றுசேர்ந்து, சுவரோரம் முழக்கத்தைப் பெருக்கி நடுவில் குறைக்கின்றன. ஆகவே கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது. தூக்கம் கெட்ட இரவில் எழுந்து மூலையிலிருந்து அறையின் நடுவுக்கு நடந்து பாருங்கள். சில அடிகளுக்குள் 'தும்' தணிவது தெரியும்.

முறைப்பாடு செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒலிமானிகள் வழக்கமாக 'ஏ' என்ற நிறையிடலில், அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப டெசிபலைக் கூட்டிக் கழிக்கும் முறையில், அளக்கின்றன. மெல்லிய ஒலியில் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே கேட்கும் என்பதால், அது 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. 'சி' நிறையிடல் ஒன்றரை டெசிபல்கூடக் கழிப்பதில்லை. 'ஏ'யில் மட்டும் அளந்துவிட்டு "பெரிய சத்தம் ஒன்றும் இல்லையே" என்றால் அது பாதி உண்மைதான்.

அந்தக் கிக்கை எடுத்துவிட்டால் டெக்னோவே இல்லை என்பதுதான் சிக்கல். 1980களின் நடுப்பகுதியில் டெட்ராயிட்டின் கறுப்பின இளைஞர்கள், ரோலண்ட் நிறுவனத்தின் தாள இயந்திரங்களைக் கொண்டு உருவாக்கிய இசை இது. பெர்லின் சுவர் விழுந்தபின் அங்கே வேரூன்றியது. 1991இல் திறந்த டிரெசோர் விடுதி இருந்தது பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில். 2007இல் இடம் மாறியபோது போய்ச்சேர்ந்ததும் ஒரு பழைய மின்நிலையத்துக்கே. பெர்கைன் விடுதியும் மின்நிலையமாக இருந்த கட்டடம்தான். 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ ஜேர்மனியின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் இசைக்கலைஞர்களின் பங்கைப் போலவே கனத்த கொங்கிறீட்டுக்கும் பங்கு உண்டு என்பேன்.

கொழும்பில் கூரைமாடியிலும் கடற்கரையிலும் ஆடுவதென்றால் தடுக்கச் சுவரே கிடையாது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடலிலிருந்து வீசும் காற்று மேலே போகப் போக வேகம் கூடுவதால், காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. கரையோரக் கொண்டாட்டம் உள்வீதிவரை கேட்கிறது. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது, சில விதிவிலக்குகளோடு.

திறந்தவெளிக்கும் வழி இருக்கிறது. தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒலிபெருக்கிகளில் சிலவற்றைப் பின்பக்கமாகத் திருப்பி, மின்துருவத்தை மாற்றி, சில மில்லிசெக்கன் தாமதித்து ஒலிக்கவிட்டால், முன்னால் ஆடுபவர்களுக்கு முழக்கம் குறையாது. பின்னால் போகும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடையைக் கடலைப் பார்க்க வைத்தால் அழிகிற பக்கம் ஊரின் பக்கம். கட்டடத்துக்குள் என்றால் செலவு கூட: றப்பர்மீது தளம், அதன்மேல் அறைக்குள் அறை. அந்தச் செலவு யாருடையது? மெல்பேர்ண் அமைந்த விக்டோரியா மாநிலம் 2014இல் ஒரு விதி கொண்டுவந்தது: நேரடி இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிறகு வந்து வீடு கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. கொழும்பின் காலி வீதியில் தொடர்மாடி கட்டுபவர்களிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.