ரவைக் குவியலும் எம்எல்ஏ நாற்காலியும்

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஐந்து வருஷம் தொகுதியே கதி என்று கிடந்த எம்எல்ஏ தோற்கிறார். தலையே காட்டாதவர் ஜெயிக்கிறார். எல்லாம் ஜாதகம்தானா சார்?"

இதற்கு ஜாதகம் வேண்டாம், பத்தாம் வகுப்புப் புள்ளியியல் போதும்.

1991ல் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு 234ல் 225 இடம். 1996ல் திமுக - தமாகா கூட்டணிக்கு 221. அத்தனை பேருடைய நேரமும் ஒரே நாளிலா கெட்டுப்போகும்? 2021ல் வென்ற அணி வாங்கியது 45 சதவீதத்துக்குச் சற்று மேல். எதிரணி 40க்குச் சற்றுக் கீழே. ஓட்டில் இடைவெளி ஆறு சதவீதம்கூட இல்லை. இடங்களோ 159க்கு 75.

ஒரு டம்ளர் ரவையைச் செய்தித்தாள் மேல் மெல்லக் கொட்டுங்கள். நடுவில் உயரம், ஓரங்களில் சரிவு. உச்சிக்கு நேர் மேலே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பாதி ரவை நூலுக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இப்போது பேப்பரை ஒரு விரற்கடை நகர்த்துங்கள். நகர்ந்தது கொஞ்சம்தான், ஆனால் நூலைத் தாண்டிய ரவை எவ்வளவு! குவியல் மிக உயரமாக இருக்கும் இடத்தில் நூல் ஓடுவதால் வந்த வினை அது. ஓரத்து மணிகள் எதுவும் பக்கம் மாறவில்லை.

ஒவ்வொரு மணியும் ஒரு தொகுதி. களத்தில் இரண்டே அணிகள் என்று வைத்துக்கொண்டு, ஓர் அணி வாங்கிய சதவீதப்படி தொகுதிகளை அடுக்கினால், நடுவில்தான் கூட்டம். எண்பது வாங்கும் தொகுதியும் அபூர்வம், இருபது வாங்கும் தொகுதியும் அபூர்வம். நூல்தான் ஐம்பது சதவீதக் கோடு. பேப்பரை நகர்த்துவது மாநிலம் முழுக்க அடிக்கும் அலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குவியலின் அகலம். பள்ளியில் படித்த திட்ட விலக்கம் நினைவிருக்கிறதா? மணிகள் நடுவிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளிக் கிடக்கின்றன என்பதன் அளவு. அது 6 சதவீதம் என்று வையுங்கள். மூன்று சதவீத அலை அடித்தால், அதாவது ஓட்டு 53க்கு 47 ஆகி இடைவெளி ஆறானால், சுமார் 162 இடம் வரும், 2021ன் 159க்கு எவ்வளவு பக்கத்தில்! அதே அலைக்கு, குவியல் ஒடுங்கி விலக்கம் 3 ஆனால் 197. பரந்து 12 ஆனால் 140தான். மொத்த ஓட்டு மாறவே இல்லை, தொகுதிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பது மட்டும்தான் மாறியது. சென்னையின் 16 தொகுதிகளும் 2021ல் ஒரே அணிக்குப் போனதை இதை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் சேர்ந்தே நகர்கின்றன.

ராகு காலம் பார்த்து மனு தாக்கல் செய்வதும், ராசியில்லாத தொகுதி என்று ஒன்றை ஒதுக்குவதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த அக்கறையில் கொஞ்சம் நம் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகள் பக்கம் திரும்பலாம். வாக்குச்சாவடிவாரியான எண்கள், தேர்தல் அதிகாரிகள் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20ல் இருக்கின்றன. பல ஸ்கேன் செய்த பக்கங்களாகவே கிடப்பதால் மாணவர்கள் ஒவ்வோர் எண்ணாகத் தட்டச்சு செய்கிறார்கள். இதற்கு நிதி கேட்டால் கொடுக்க வேண்டும்.

சரி, உழைத்த எம்எல்ஏவுக்குப் பலனே இல்லையா? இருக்கிறது. அவர் உழைப்பு அவருடைய ஒரு மணியை மட்டும் கொஞ்சம் தள்ளும். நூலுக்கு எட்டத்தில் கிடக்கும் மணிக்கு அது போதாது. ஒட்டிக் கிடக்கும் மணிக்கு அதுவே எல்லாம். நூலிழையில் தோற்றார் என்கிறோமே, அந்த நூல் இதுதான். 2016ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். 2021ல் அதே தொகுதியில் ஜெயித்து, கோட்டையில் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கள் சைதாப்பேட்டைக்குப் பக்கத்திலேயே, தி.நகரில், அந்தத் தேர்தலின் வித்தியாசம் 137 ஓட்டு. மேற்கு மாம்பலத்தில் மூன்று நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களில் அவ்வளவு பேர் இருப்பார்கள்.