எட்டு விளக்கும் எரிந்தால் கேபிள் சரியாகிவிடுமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். ஒரு ஆடிட்டர் அலுவலகம். மாடிக் கணினியில் ஒரு ஃபைல் திறக்க அரை நிமிடம் ஆகிறது. இன்டர்நெட்காரரிடம் சண்டை போட்டாயிற்று, ரவுட்டரையும் மாற்றியாயிற்று. நெட்வொர்க் கேபிள் யார் போட்டது என்று கேட்டேன். "நம்ம ஆபீஸ் பையன்தான் சார். கேபிள் டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரிஞ்சுது."

கேபிள் முனையில் இருந்த கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. பார்க்க என்னவோ அழகுதான். கோளாறே அந்த அழகில்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா இருந்தா போதும், எந்த கலர் எங்க இருந்தா என்ன?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போதாது. உள்ளே இருப்பவை எட்டுத் தனிக் கம்பிகள் அல்ல, நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருப்பது வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து, மறுமுனையில் கழிந்துபோகத்தான். கணினி, ரவுட்டர் போன்றவை ஜோடியாகப் பார்ப்பது கனெக்டரில் 1-2, 3-6, 4-5, 7-8 ஆகிய பின்களை (உலோகத் தகடுகளை). மூன்றும் ஆறும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். நேர் வரிசையில் மூன்றாவது பச்சை ஜோடிக்கும் ஆறாவது நீல ஜோடிக்கும் போய்விடுகிறது. அப்புறம் முறுக்கு இருந்து என்ன பயன்? டெஸ்டர் பார்ப்பது கம்பி மறுமுனை வரை போகிறதா என்பதை மட்டும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அந்த மலிவு டெஸ்டருக்குத் தெரியாது. ஒரு மீட்டர் கேபிளில் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே போகலாம், முப்பது மீட்டரில் மாட்டிக்கொள்ளும்.

சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இந்த வரிசை முறைக்குப் பெயர்தான் டி568பி. கனெக்டரின் கொக்கி கீழே, பின்கள் மேலே பார்க்க, கேபிள் உங்கள் பக்கம் வரும்படி பிடித்து, இடமிருந்து எண்ணுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளியுறையும் கனெக்டருக்குள் போய்க் கடிபட வேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் தெரிந்தால், தயவுசெய்து வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கனெக்டர் சில ரூபாய்தான்.

அனுப்பும் ஜோடியையும் பெறும் ஜோடியையும் ஒரு முனையில் இடம் மாற்றிப் போட்ட கிராஸ் கேபிள் வேண்டுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இன்றைய நெட்வொர்க் ஸ்விட்சுகள் அதைத் தாமே மாற்றிக்கொள்ளும், விடுங்கள்.

விலை குறைவு என்று வாங்கும் கேபிள் தனிக் கதை. ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். செம்புக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். இதே கேபிள் வழியாக மின்சாரம் எடுத்து, இரவில் மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகும் கேமராவுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய கூடுதல் மின்சாரம் வேண்டும், நீளமான அலுமினியக் கம்பியில் அது வழியிலேயே குறைந்துவிடுகிறது. கேபிளை கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள், 100 மீட்டரைத் தாண்டாதீர்கள். இதையெல்லாம் எத்தனை தடவைதான் சொல்வது!

ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு முனையையும் வெட்டி கனெக்டரை மறுபடி கிரிம்ப் செய்தேன் (அழுத்திப் பொருத்தினேன்), ஃபைல் உடனே திறந்தது. பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், மீதி 11 கேபிளும் நான்தான் போட்டேன்."

கிரிம்பிங் டூலை அவன் கையில் கொடுத்தேன். "22 கனெக்டர் எடுத்துட்டு வா தம்பி."