இடது வளைவும் வலது வளைவும் கழிந்துவிடாத கணக்கு

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய மஹிந்திரா டீசல் ஜீப் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறாராம், ஃபோர்வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. "மலை ரோட்டுல எப்பவும் ஃபோர்வீல் போட்டே ஓட்டுங்க, பிடிப்பு நல்லா இருக்கும்" என்கிறார் விற்பவர். "தார் ரோட்டுல அதைத் தொடவே தொடாதீங்க" என்கிறார் மெக்கானிக். இருவரில் யார் சொல்வது சரி, காரணம் என்ன என்பது கேள்வி.

மெக்கானிக் சொல்வதுதான் சரி. காரணம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்துவிட்டால், பழைய வண்டியைச் சோதித்து வாங்கும் வழியும் கூடவே புரியும்.

முதலில் இன்ஜினைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் 16 முதல் 22 மடங்கு வரை சுருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினும் இந்த அடிப்படையில்தான் இயங்கியது. ஆக, இந்த இன்ஜினின் உயிர் கம்ப்ரஷனில் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ வால்வு சரியாக மூடாவிட்டாலோ காற்று கசியும், வெப்பம் போதாது, குளிர்ந்த காலையில் வண்டி அடம்பிடிக்கும். அதனால் வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் ஏற்கெனவே சூடாக இருக்கிறதா? இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. சைலன்ஸரில் வரும் புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. இன்ஜின் சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. இந்தச் செலவுகளுக்கெல்லாம் மெக்கானிக் ஒரு தொகை சொல்லிவிடுவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்த்துக்கொண்டுதான் போகும். இதற்குத் தீர்வு டிஃபரென்ஷியல். பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் 1827இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். அச்சின் நடுவில் சுற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள், ஒரு பக்கச் சக்கரம் எவ்வளவு வேகம் குறைகிறதோ அவ்வளவு வேகத்தை மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடும். இது பலரும் அறிந்த செய்திதான். பலரும் யோசித்துப் பார்க்காதது முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். ஜீப்பின் பின் சக்கரங்கள் திரும்புவதில்லை. எனவே வண்டி போடும் வட்டத்தின் மையம், பின் அச்சை நீட்டிய கோட்டில்தான் விழும். கொண்டை ஊசி வளைவொன்றில் அந்த மையத்திலிருந்து பின் அச்சின் நடு வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி சுமார் 2.4 மீட்டர். இப்போது செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. பிதாகரஸ் தேற்றப்படி மையத்திலிருந்து முன் அச்சின் நடு 5.55 மீட்டர் தள்ளி இருக்கிறது. அரை வட்டம் திரும்பி முடிக்கும்போது பின் அச்சு 15.7 மீட்டர் ஓடியிருக்கும், முன் அச்சு 17.4 மீட்டர். வித்தியாசம் 1.7 மீட்டர். டயரின் உயரம் 70 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு 2.2 மீட்டர். அதாவது ஒரே வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட முக்கால் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும்!

பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூவீல் டிரைவில் ஓடும்போது பிரச்சினை இல்லை. முன் சக்கரங்கள் தம் போக்கில் உருளும். ஃபோர்வீல் போட்டதும் என்ன ஆகிறது? இன்ஜினின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் அதற்குள் டிஃபரென்ஷியல் கிடையாது. முன்னால் போகும் ஷாஃப்ட்டையும் பின்னால் போகும் ஷாஃப்ட்டையும் அது இரும்புப் பல்லால் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அச்சில் ஏறக்குறைய 4 மடங்கு கியர் குறைப்பு இருப்பதால், சக்கரத்தின் முக்கால் சுற்று ஷாஃப்ட்டில் 3 சுற்றாகிறது. அந்த 3 சுற்றுக்கு எங்கேயாவது கணக்குத் தீர்க்க வேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் லேசாக வழுக்கித் தீர்த்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பர் விட்டுக்கொடுக்காது. அதனால் ஈரத்துணியைப் பிழிவதுபோல ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதுபோல வண்டி திணறும். ஒரு கட்டத்தில் டயர் 'தடக்' என்று தாவி முறுக்கை விடும். தாவாவிட்டால் ஜாயிண்ட்டோ செயினோ பல்லோ அடி வாங்கும்.

இடது வளைவில் ஏறிய முறுக்கு அடுத்த வலது வளைவில் இறங்கிவிடாதா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இறங்காது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மாறி மாறி வந்து கழிந்துபோகும். முன் அச்சோ எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய வட்டத்தில்தான் ஓடுகிறது. 2.4ஐ வர்க்கப்படுத்தும்போது அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாமே நம் கணக்கைப் போல ஒடுங்கிய வளைவுகள் என்று வைத்துக்கொண்டால், உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் முன் சக்கரங்களுக்கு 50 சுற்றுக்கு மேல் பாக்கி சேர்ந்திருக்கும். வளைவு அகலமாக இருந்தால் பாக்கி குறையலாம், ஒருபோதும் எதிர்த்திசைக்கு மாறாது. ஒவ்வொரு சுற்றையும் டயரோ இரும்போ தேய்ந்துதான் அடைக்க வேண்டும்.

மலை டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஃபோர்வீல் லீவர் இறுகிக்கொண்டு வெளியே வராவிட்டால் வண்டியைச் சில அடி ரிவர்ஸ் எடுப்பார்கள். லீவர் சட்டென்று விடும். ரிவர்ஸிலும் முன் அச்சுதான் அதிகம் ஓடுகிறது, ஆனால் எல்லாமே எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஏறிய முறுக்கு அப்படியே அவிழ்கிறது. பிதாகரஸைத் தொடாமலேயே அவர்கள் கை கண்டுபிடித்த இந்தத் தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரென்ஷியல் ஒன்று இருந்தது. அதனால் அது எந்தச் சாலையிலும் நான்கு சக்கரமும் இழுக்க ஓடியது. நீங்கள் பார்க்கும் ஜீப்பில் அது இல்லை.

இதே திணறலைச் சோதனையாகவும் பயன்படுத்தலாம். சமமான மண் தரையில் ஃபோர்வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் சில அடி ஓட்டிப் பாருங்கள். லேசான இழுபறி தெரிய வேண்டும். வெண்ணெய்போலத் திரும்பினால் சந்தேகப்படுங்கள்: முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் பூட்டிக்கொள்ளவில்லை, அல்லது மைலேஜுக்காக யாரோ முன் ஷாஃப்ட்டையே கழற்றி வைத்திருக்கிறார்கள். கீழே குனிந்து பார்த்துவிடுங்கள். லோ கியரையும் போட்டுப் பாருங்கள். அது இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கும். ஈரமான தோட்டப் பாதையில் சுமையோடு இறங்கும்போது பிரேக்கைவிட நம்பகமானது. லீவர் அசையவே மறுத்தால் பல ஆண்டாக யாரும் அதைத் தொடவில்லை என்று பொருள்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். முன்னால் 8 மில்லிமீட்டர் பட்டன் (டயரின் மேல்வரிக் கட்டைகள்) உள்ள புது டயர், பின்னால் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயர் என்றால் ஆரத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். 35 சென்டிமீட்டர் ஆரத்துக்கு இது 1.7 சதவீதம். நேர்ச்சாலையிலேயே கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் பாக்கி ஏறும், வளைவே வேண்டாம். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பது ஃபோர்வீல் வண்டிக்குக் கட்டாயம்.

நம்பர் பிளேட்டின் கூட்டுத்தொகை 8 வருகிறது என்பதற்காக நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலர் டயர் பட்டனைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நாம் பள்ளியில் பிதாகரஸைப் பலகையில் எழுதிக் காட்டினோம், வண்டிக்கு அடியில் காட்டவில்லை. ஒரகடத்தில் அரசுப் பணத்தில் பெரிய வாகன ஆராய்ச்சி மையம் எழுந்திருப்பதை வரவேற்கிறேன். அந்தச் செலவில் ஒரு துளியை ஒதுக்கி, குறுக்கே வெட்டிய டிஃபரென்ஷியல் ஒன்றை ஒவ்வொரு மலைப் பகுதிப் பள்ளிக்கும் கொடுக்க வேண்டும். கையால் சுற்றிப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

வாங்கிய பிறகு பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர்வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் டிஃபரென்ஷியல் இருக்கும் கூடான ஹவுசிங்கில் ஆயில் எல்லாப் பல்லுக்கும் பரவும். ஓடையில் இறங்கி ஏறினால் ஹவுசிங் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

காகிதங்களிலும் கவனம் வேண்டும். 15 ஆண்டு நிறைந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்த பிறகு, அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு வந்தன. அப்படி வந்ததென்றால் அங்கத்திய தடையில்லாச் சான்று இருக்கிறதா, இங்கே பதிவு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஜீப்புகளில் இன்ஜின் மாற்றுவது சகஜம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணை, பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு டார்ச் அடித்து ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.