செர்ஃப் என்றால் அடிமை இல்லை

போன மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை வந்தது, வட ஐரோப்பாவின் விவசாய வரலாறு பற்றியது. 1788-இல் டென்மார்க் அடிமை முறையை ஒழித்தது என்று ஒரு பத்தி. இரண்டு பக்கம் தள்ளி, 1848-இல் டென்மார்க் அடிமை முறையை ஒழித்தது என்று இன்னொரு பத்தி. ஒழித்ததை எதற்கு இன்னொரு முறை ஒழித்தார்கள் என்று மொழிபெயர்த்தவருக்கும் தோன்றவில்லை, அவருக்கு முன்னால் பார்த்தவருக்கும் தோன்றவில்லை. 1788-இல் விடுபட்டவர்கள் டென்மார்க்கின் சொந்தக் குடியானவர்கள். 1848-இல் விடுபட்டவர்கள் கரீபியன் கடலில் டென்மார்க் வைத்திருந்த தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்டவர்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன அதே டென்மார்க்தான். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சொல் போட்டால் இரண்டு கதையும் கெட்டுப்போகும்.

மூலத்தில் முதல் கூட்டத்தின் நிலைக்கு இருந்த சொல் செர்ஃப். சொல்வரலாறு சுருக்கம்தான். இலத்தீனில் செர்வுஸ் என்றால் அசல் அடிமை. ரோமானியப் பேரரசு போன பிறகு அந்தச் சொல் பிரெஞ்சில் தேய்ந்து, நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவரைக் குறிக்க வந்தது. அசல் அடிமைக்குச் சொல் இல்லாமல் போனதால், பிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் மக்களின் பெயரையே எடுத்து ஸ்லேவ் என்றார்கள். அதாவது இரண்டும் வேறு வேறு என்று தெரிந்ததால்தான் ஐரோப்பியர் இரண்டு சொல் வைத்துக்கொண்டார்கள். நாம் இரண்டையும் ஒரே குப்பியில் ஊற்றுகிறோம்.

அடிமை என்று மொட்டையாகப் போடுவதைச் சோம்பல் என்று விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வருவது, கொஞ்சம் யோசித்தது போல் தெரியும் இன்னொரு சொல்லின் மேல்தான்: பண்ணையடிமை. எந்த இரண்டாவது கட்டுரையை எடுத்தாலும் இதுதான். கேட்க நன்றாக இருக்கிறது, பண்ணை இருக்கிறது, அடிமை இருக்கிறது, பண்ணையார் படங்கள் பார்த்த நமக்கு உடனே ஒரு காட்சியும் வந்துவிடுகிறது. அந்தக் காட்சிதான் தப்பு.

தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணை என்றால் மிராசுதார் தன் ஆட்களை வைத்து நேரடியாகச் சாகுபடி செய்யும் நிலம். அதில் வேலை பார்ப்பவர் பண்ணையாள். அவருக்கென்று சாகுபடி கிடையாது, குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது. குடி என்பது வேறு: தன் பொறுப்பில் உழுது, விதைத்து, விளைச்சலில் ஒரு பங்கை வாரமாகக் கொடுப்பவர். இந்தப் பிரிவினை நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். இப்போது எஸ்டோனியாவுக்கும் லிவோனியாவுக்கும் போவோம். லிவோனியா என்பது இன்றைய தெற்கு எஸ்டோனியாவும் வடக்கு லாட்வியாவும் சேர்ந்த பழைய மாகாணம். இரண்டும் அப்போது ரஷ்யப் பேரரசுக்குக் கீழே. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபு ஒரு ஜெர்மன் பிரபு, பேசுவது ஜெர்மன். அவருடைய மாளிகையைச் சுற்றி நேரடிச் சாகுபடி நிலம், அதுதான் பண்ணை. அதற்கு வெளியே குடியானவர் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வயல், தனி மாடு, தனி குதிரை. பெரிய மரக்கட்டை வீடு, புகைபோக்கி கிடையாது, குடும்பம் தூங்கும் அறையிலேயே உத்தரத்துக்கு மேல் கதிர்க் கட்டுகளை அடுக்கி அடுப்பு வெக்கையில் உலர்த்துவார்கள். வீட்டுத் தலைவனை எஸ்டோனியர் பெரெமேஸ் என்பார்கள். அவனிடம் கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள்!

இந்த இடத்தில்தான் பண்ணையடிமை என்ற சொல் குப்புற விழுகிறது. மாளிகைப் பண்ணைக்கு ஒவ்வொரு வீடும் வாரத்தில் இத்தனை நாள் குதிரையோடு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அதுபோக ஏப்ரல் கடைசியில் வரும் ஜார்ஜ் திருநாளிலிருந்து செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் வரைக்கும் குதிரையில்லாமல் இன்னோர் ஆள். குதிரை வீட்டுக்காரனது, கலப்பை வீட்டுக்காரனது, ரொட்டியும் உப்புமீனும் கட்டிய மூட்டையும் வீட்டுக்காரனது. போகிறவன் பல நேரம் பெரெமேஸ் இல்லை, அவன் வைத்திருக்கும் வேலையாள். எந்த வீடு எத்தனை நாள் கடன் என்று ஒரு பதிவேடே இருந்தது. அப்படியென்றால், பண்ணையடிமை ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, தனக்குப் பதிலாக அவனைப் பண்ணைக்கு அனுப்பினான் என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், எழுதியவருக்குச் சிரிப்பு வந்த அடையாளமே இல்லை.

கொத்தடிமை என்று போடுபவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு இன்றைக்குத் தமிழில் தெளிவான பொருள் இருக்கிறது: முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ மாட்டிக்கொண்டவர். 1976-இல் வந்த சட்டம் அவர்களுக்கானது. கட்டு அங்கே கடன். டென்மார்க்கில் 1733-இல் வந்த கட்டுக்குக் கடன் காரணமே இல்லை. தானிய விலை விழுந்து கிடந்தது, பையன்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள், பிரபுக்களுக்கு உழ ஆள் வேண்டும், அரசனுக்குப் படைக்கு ஆள் வேண்டும். 14 வயதிலிருந்து 36 வயது வரை உள்ள ஆண்கள் பிறந்த பண்ணை எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அப்புறம் வயதை இழுத்து இழுத்து, 1764-இல் 4 வயதிலிருந்து 40 வரை ஆக்கினார்கள். நாலு வயதுப் பையன் எந்த முன்பணம் வாங்கியிருப்பான்? அவர்கள் வைத்த பெயர் ஸ்டவ்ன்ஸ்பாண்ட், பிறந்த இடத்தோடு கட்டு என்று பொருள். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது, மொழிபெயர்க்க வேண்டியது அதைத்தான்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பால்டிக் பகுதியில் ஆளை விற்றார்களே என்பார்கள். விற்றார்கள். லிவோனியாவில் இருந்த ஹுப்பெல் என்ற பாதிரியார் 1770-களிலேயே ஆளுக்கு என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார், கைத்தொழில் தெரிந்தவனுக்கு விலை கூடுதல். நிலமில்லாமல் ஆளை மட்டும் விற்ற இடத்தில் அடிமை என்ற சொல்லைப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே ஆவணங்களில் வீட்டுக் கணக்கும் வயல் கணக்கும் இருக்கிறது, பெரும்பாலோர் வாழ்க்கை அந்தக் கணக்குக்குள்தான் ஓடியது. இன்னொன்றும் கேட்பார்கள்: எஸ்டோனியர்களே பேரிஸ்ஓரி என்கிறார்களே, அதில் ஓரி என்றால் அடிமைதானே? ஆமாம், பரம்பரை அடிமை என்று அர்த்தம். எழுநூறு ஆண்டு அடிமை இரவு என்றும் அவர்கள் சொல்வதுண்டு. அது வலித்தவர் சொல்லும் சொல், அதை அவர்கள் சொல்லட்டும். நமக்கு அந்தக் கோபத்தில் பங்கு வேண்டுமானால் மேடையில் எடுத்துக்கொள்ளலாம், சட்டத்தையும் ஆண்டையும் விளக்கும் கட்டுரையில் அது உதவாது. அசல் அடிமைக்கு வடக்கே த்ரேல் என்று தனிச் சொல் இருந்தது. ஸ்வீடனில் 1335-இல் மன்னர் மாக்னுஸ் எரிக்சன் போட்ட உத்தரவோடு அந்த முறை முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஸ்வீடன், நார்வே, பின்லாந்தில் குடியானவர் பண்ணையோடு கட்டப்பட்டதே இல்லை. ஸ்வீடனின் நாடாளுமன்றத்தில் அவர்களுக்குத் தனி அவையே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடிமை என்று போட்டால் கடல் தாண்டினால் நிலைமை தலைகீழ் என்ற செய்தியே வாசகருக்குப் போகாது.

சரி, என்னதான் போடுவது? நான் கட்டுக்குடி என்று எழுதுகிறேன். குடி இருக்கிறது, அவருக்கு வீடும் வயலும் உண்டு என்று அது சொல்லிவிடும். கட்டு இருக்கிறது, கிளம்பிப் போக முடியாது என்று அது சொல்லிவிடும். முறைக்குக் கட்டுக்குடி முறை. கேட்டவுடன் ஒரு நண்பர், கட்டுப்பாடாகக் குடிப்பதா என்றார். லிவோனியப் பண்ணைகள் 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சாராயம் காய்ச்சி பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பி, மிச்சத்தைத் தங்கள் சாலையோரச் சாவடிகளில் தங்கள் குடிகளுக்கே விற்றன, ஆகவே அந்தப் பொருளும் முழுக்கத் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். நிலக்கட்டுக் குடி என்று நீட்டினால் அவருக்கும் குழப்பம் வராது.

வாரத்துக்கு இத்தனை நாள் என்று போன வேலைக்குக் கட்டாய இலவச உழைப்பு என்று மூன்று சொல்லில் எழுதுகிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரே சொல் போதும்: வெட்டி. கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய வேலை. அமஞ்சி என்றும் இருக்கிறது. வெட்டி வடமொழி விஷ்டியிலிருந்து வந்ததாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ஆயிரம் வருஷம் கல்லில் இருந்த சொல்லிடம் இன்னும் குடும்ப அட்டை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எனக்கு உள்ள தயக்கம் வேறு, வெட்டியாக இருக்கிறான் என்ற இன்றைய பேச்சு குறுக்கே வரும். அதனால் வெட்டிக்கடன் என்று சேர்த்து எழுதுகிறேன்.

இந்த இரண்டு சொல்லும் கையில் இருந்தால் 1816 புரியும். அந்த ஆண்டு எஸ்டோனியாவிலும், 1817-இல் இன்றைய லாட்வியாவின் மேற்கே இருந்த கூர்லாந்திலும், 1819-இல் லிவோனியாவிலும் கட்டு அவிழ்ந்தது, ரஷ்யாவின் உள்மாகாணங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி. ஆனால் நிலம் முழுக்கப் பிரபுவுக்கு என்று அதே சட்டம் எழுதிவிட்டது. குடியானவருக்குக் குடும்பப் பெயர் கிடைத்தது, பலருக்கு ஜெர்மன் ஒலிப்பில். நிலம் கிடைக்கவில்லை. வயலில் இருக்க வேண்டுமானால் குத்தகை, குத்தகைக்குப் பணம் இல்லையென்றால் பழையபடி வெட்டிக்கடன், அது 1868 வரை ஓடியது. கட்டு போனது, அதோடு குடி என்ற பிடிமானமும் போனது. அடிமை முறை ஒழிந்தது என்று எழுதினால், வாசகர் கைதட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

அந்தக் கட்டுரையின் கடைசியில் ஸ்வீடனின் ஸ்டாதரேகளும் வந்தார்கள். பெரிய பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு வேலை, கூலியில் பெரும்பங்கு தானியமும் பாலும் உருளைக்கிழங்குமாக, மனைவி மாடு கறக்க வேண்டும், ஒப்பந்தம் முடிகிற அக்டோபர் கடைசியில் சட்டிபானையை வண்டியில் ஏற்றி அடுத்த பண்ணைக்கு. 1945 வரை இருந்தது. இவர்களுக்கும் மொழிபெயர்ப்பில் பண்ணையடிமை. நான் அதை அடித்து, படியளந்து வேலை வாங்கியதற்கு நம்மிடம் அச்சு அசலாக இருக்கும் படியாள் என்ற சொல்லை எழுதி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சில் பார்த்தபோது பணியாள் என்று இருந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தினார்களாம்.